எல்லைக்கு அப்பால் விபத்து: எட்டாம் வகுப்பில் ஒரு சட்டப் பாடம்

எட்டாம் வகுப்பு சமூக அறிவியல் பாடநூலின் குடிமையியல் பகுதியில் சாலைப் பாதுகாப்பு ஒரு பாடமாகவும் நீதித்துறை இன்னொரு பாடமாகவும் உள்ளன. முதல் பாடத்தில் தலைக்கவசம், போக்குவரத்துக் குறியீடுகள், விபத்துக்கான காரணங்கள் ஆகியவற்றைச் சொல்லித் தருகிறோம். இரண்டாம் பாடத்தில் நீதிமன்றங்களின் அமைப்பைச் சொல்லித் தருகிறோம். விபத்தில் அடிபட்ட ஒரு குடும்பம் நீதிமன்றத்துக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்ற கேள்வி இந்த இரண்டு பாடங்களுக்கும் நடுவில் நிற்கிறது. கடந்த மூன்று ஆண்டுகளாக அந்தக் கேள்வியை மூன்று பாடவேளைகளில் நடத்தி வருகிறேன். அந்த அனுபவத்தைச் சக ஆசிரியர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் கிருஷ்ணகிரி மாவட்டம் ஓசூர் வட்டாரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். தேசிய நெடுஞ்சாலை 44இல் ஜூஜுவாடியைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. எங்கள் மாணவர்களின் பெற்றோரில் பலர் தினமும் அந்தப் பக்கம் உள்ள தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறார்கள். உறவினர் வீடும் வாரச் சந்தையும் கோயில் திருவிழாவும் எல்லைக்கு இருபுறமும் இருக்கின்றன. அன்றாட வாழ்வில் யாரும் எல்லையைப் பற்றி நினைப்பதில்லை. விபத்து என்று ஒன்று நடந்த பிறகுதான் எல்லை கண்ணுக்குத் தெரிகிறது.

பாடம் பிறந்த விதம்

ஏழாம் வகுப்பில் படித்த ஒரு மாணவி, அத்திப்பள்ளி அருகே தாயுடன் சாலையைக் கடக்கும்போது கார் மோதி வலது கால் முறிந்தது. அங்கிருந்த தனியார் மருத்துவமனை ஒன்றில் முதலுதவி செய்து, பிறகு ஓசூருக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். இரண்டரை மாதம் கழித்து அந்தத் தாய் உதவித்தொகைக்கான சான்று கேட்டுப் பள்ளிக்கு வந்தார். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தீர்களா என்று கேட்டேன்.

"கேஸு கர்நாடகாவுலதானே சார் நடக்கும்? அங்க கன்னடத்துல யாரு பேசறது, கூலிய விட்டுட்டு யாரு அலையறது? கார்க்காரரு அன்னிக்கு ஐயாயிரம் குடுத்தாரு, அதோட விட்டுட்டோம்" என்றார்.

சிகிச்சைக்கு வட்டிக்கு வாங்கிய கடன் அதற்குள் 80 ஆயிரம் ரூபாயைத் தாண்டியிருந்தது. எலும்பு சரியாகச் சேராததால் இன்னோர் அறுவைச் சிகிச்சை தேவை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்தக் குடும்பத்தைத் தடுத்து நிறுத்தியது வறுமை மட்டும் இல்லை. விபத்து நடந்த மாநிலத்தில்தான் வழக்கும் நடக்க வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்தே தடுத்தது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 166ஆம் பிரிவின்படி, இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த பகுதியின் தீர்ப்பாயத்திலோ, மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் பகுதியின் தீர்ப்பாயத்திலோ, எதிர்மனுதாரர் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலோ தாக்கல் செய்யலாம். தேர்ந்தெடுக்கும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கே உரியது. கர்நாடகத்தில் அடிபட்ட ஓசூர்க் குழந்தைக்காக ஓசூரிலேயே மனு செய்யலாம். இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தால் அந்தத் தாய் இரண்டரை மாதம் காத்திருக்க வேண்டியிருந்திருக்காது. மறு ஆண்டு முதல் இதை வகுப்பறைக்குக் கொண்டுவந்தேன்.

முதல் பாடவேளை: முதல் நாள் என்ன செய்வது?

கரும்பலகையில் ஒரு சூழலை எழுதுகிறேன்: "உன் அப்பா அத்திப்பள்ளியில் இருசக்கர வாகன விபத்தில் அடிபட்டுவிட்டார். அலைபேசி உன்னிடம் இருக்கிறது. என்ன செய்வாய்?" மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்துப் பேச விடுகிறேன். அவர்கள் சொல்வதிலிருந்து நான்கு செய்திகளை நிலைநிறுத்துகிறேன்.

முதலாவது, சிகிச்சை. 108 இரு மாநிலங்களிலும் உண்டு. எல்லையோரத்தில் நம் அலைபேசி அடுத்த மாநிலக் கோபுரத்தோடு இணைந்திருக்கக்கூடும். எனவே ஊர்ப் பெயரை மட்டும் சொல்லாமல் மாநிலம், சாலை, அருகிலுள்ள அடையாளம் ஆகிய மூன்றையும் சொல்லப் பழக்குகிறேன். மாணவர்கள் இருவர் இருவராக நின்று இதை நடித்துக் காட்டுவார்கள். மத்திய அரசு 2025ஆம் ஆண்டு மே மாதம் அறிவித்த பணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தின்படி, மோட்டார் வாகன விபத்தில் அடிபட்டவருக்கு அத்திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் விபத்து நாளிலிருந்து 7 நாள்கள் வரை, ரூ.1.5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். இது நாடு முழுவதற்குமான திட்டம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் முதல் செயல்படும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்கும் விபத்துகளுக்கு உரியது. அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அது ஏற்கிறது.

இரண்டாவது, மருத்துவமனையில் சொல்லும் முதல் வாசகம். போலீஸ் வந்துவிடும் என்ற பயத்தில் "வண்டியிலிருந்து தானாக விழுந்துவிட்டார்" என்று உடன் வந்தவர் சொல்லிவிடுவது உண்டு. அது அப்படியே விபத்துப் பதிவேட்டில் ஏறிவிடும். பின்னாளில் காப்பீட்டு நிறுவனம் அந்த வரியைக் காட்டித்தான் வழக்கை மறுக்கும். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த வாகனம் மோதியது என்று உண்மையைச் சொல்லி, அது எழுதப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, வாகனத்தின் எண். ஓட்டுநரின் பெயர் தெரியாமல் போகலாம். வண்டியின் எண்ணை ஒளிப்படம் எடுத்துவிட்டால் உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் ஆகிய விவரங்களைப் பிறகு தேடிக்கொள்ளலாம். மூன்றாம் நபர் காப்பீடு எல்லா வாகனங்களுக்கும் கட்டாயம் என்பதை இங்கே விளக்குகிறேன். இழப்பீட்டைப் பெரும்பாலும் தருவது காப்பீட்டு நிறுவனம்தான். "கார்க்காரர் பாவம், அவரிடம் எப்படிக் கேட்பது" என்று பல குடும்பங்கள் தயங்குவது இது தெரியாததால்தான்.

நான்காவது, முதல் தகவல் அறிக்கை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். அந்த நிலையம் அதைப் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். தகவல் தந்தவருக்கு நகல் இலவசம். ஓசூர் மருத்துவமனையில் படுத்திருப்பவர் ஓசூரிலேயே வாக்குமூலம் தரலாம் என்பதை மாணவர்கள் தங்கள் வீட்டில் சொல்ல வேண்டும் என்பதே வீட்டுப்பாடம்.

உதவி செய்தால் நம்மையே சாட்சியாக்கி அலைக்கழிப்பார்கள் என்ற அச்சமும் ஊர்களில் உண்டு. 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவியவரைப் பாதுகாக்கிறது. தன் பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. இதைச் சொன்னதும் வகுப்பில் பல கைகள் உயரும். தாங்கள் பார்த்த விபத்துகளைச் சொல்லத் தொடங்குவார்கள். பத்து நிமிடம் அதற்கு ஒதுக்குங்கள். வீட்டில் விபத்தால் இழப்பைச் சந்தித்த குழந்தைகள் வகுப்பில் இருக்கலாம். அவர்களைப் பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

இரண்டாம் பாடவேளை: நடந்த இடமா, வாழும் இடமா?

ஓசூர், அத்திப்பள்ளி, ஆனேக்கல், பாகலூர், தளி ஆகிய ஊர்களைக் குறித்த வரைபடத்தை மாணவர்களே வரைகிறார்கள். எல்லைக்கோட்டைச் சிவப்பில் இடுகிறார்கள். பிறகு கரும்பலகையில் மூன்று பத்திகள்: 'எங்கும்', 'நடந்த இடத்தில்', 'வாழும் இடத்தில்'. ஒவ்வொரு பணியையும் எழுதிய சீட்டுகளை உரிய பத்தியில் ஒட்ட வேண்டும்.

'எங்கும்' பத்தியில் அவசர சிகிச்சையும் முதல் தகவலும் வரும்.

'நடந்த இடத்தில்' பத்தியில் காவல்துறை விசாரணை, இட வரைபடம், மோதிய வாகனத்தின் ஆய்வு அறிக்கை ஆகியவை வரும். மோதிவிட்டு ஓடிய, அடையாளம் தெரியாத வாகனத்துக்கான உதவித்தொகையும் இதே பத்திதான். உயிரிழப்புக்கு ரூ.2 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.50 ஆயிரம் என்று 2022 முதல் நடைமுறையில் உள்ள இத்தொகைக்கு, விபத்து நடந்த வட்டத்தில் கோரிக்கை விசாரணை அலுவலராக இருக்கும் வருவாய் அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அத்திப்பள்ளியில் நடந்திருந்தால் ஆனேக்கல் வட்டத்துக்குத்தான் போக வேண்டும்.

'வாழும் இடத்தில்' பத்தியில் இழப்பீட்டு மனுவும் இலவச சட்ட உதவியும் வரும்.

ஒரு மாணவன் கேட்டான்: "ஆந்திரா லாரி, கர்நாடகாவுல மோதுச்சு, அடிபட்டவர் நம்ம ஊரு. அப்ப எங்க சார் கேஸு போடறது?" மூன்று மாநிலங்கள் சந்திக்கும் மாவட்டத்தில் இது கற்பனைக் கேள்வி இல்லை. விடையை வகுப்பே சொன்னது: மூன்றில் எங்கும் போடலாம், நமக்கு வசதி நம்ம ஊர். ஆனால் ஒரே விபத்துக்கு இரண்டு தீர்ப்பாயங்களில் இழப்பீடு கேட்கக் கூடாது என்பதை நான் சேர்த்துச் சொன்னேன்.

இதில் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, விசாரணை அலுவலர் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாள்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவரின் உரிமைகளை விளக்கும் படிவத்தை 10 நாள்களுக்குள் அவரிடம் தர வேண்டும். கர்நாடகக் காவல்துறையின் அறிக்கை அங்குள்ள தீர்ப்பாயத்துக்குப் போகும். குடும்பம் ஓசூரில் மனு செய்தால், அந்த அறிக்கை அங்கே இருப்பதை வழக்கறிஞர் மூலம் தெரிவித்து வரவழைக்க வேண்டும்.

காலக்கெடு பற்றியும் இதே வேளையில் பேசுகிறேன். 2019 திருத்தத்தின் மூலம் 166ஆம் பிரிவில் மீண்டும் சேர்க்கப்பட்ட விதி, விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு செய்யச் சொல்கிறது. இவ்விதி உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது. எப்படியானாலும் நாம் பெற்றோரிடம் சொல்ல வேண்டியது 6 மாதம் என்பதைத்தான்.

மூன்றாம் பாடவேளை: ஒரு கோப்பை உருவாக்குதல்

பழைய கோப்பு அட்டை ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோகிறேன். அதில் என்னென்ன தாள்கள் இருக்க வேண்டும் என்று மாணவர்கள் பட்டியலிட வேண்டும். முதல் தகவல் அறிக்கை, காயச் சான்று, மருத்துவமனையிலிருந்து விடுவிக்கும்போது தரும் குறிப்பு, மருந்துச் சீட்டுகள், ஊர்தி வாடகை ரசீதுகள், எக்ஸ்ரே, ஊனச் சான்று, வருமானத்துக்கான ஆதாரம், வங்கிப் புத்தகம், ஆதார் நகல். ரசீது இல்லாத செலவைத் தீர்ப்பாயத்தில் மெய்ப்பிப்பது கடினம் என்பதை ஒரு கூட்டல் கணக்காகவே தருகிறேன். இருபது ரசீதுகளில் எட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கூட்டச் சொன்னால், தொலைந்த தாளின் மதிப்பு அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது.

பள்ளி தரவேண்டிய தாள்களும் இந்தக் கோப்பில் உண்டு. அடிபட்டது மாணவராக இருந்தால் பிறந்த தேதிக்கான சான்றும், பள்ளியில் பயில்வதற்கான சான்றும், எத்தனை நாள் வகுப்புக்கு வர இயலவில்லை என்ற வருகை விவரமும் தேவைப்படும். படிப்பில் ஏற்பட்ட இழப்பையும் இழப்பீட்டில் கேட்கலாம் என்பதால் வருகைச் சான்றுக்கு மதிப்பு அதிகம். கன்னடத்தில் பதிவான முதல் தகவல் அறிக்கையில் குழந்தையின் பெயரோ வயதோ மாறியிருப்பது எங்கள் பகுதியில் அடிக்கடி காணும் சிக்கல். எமிஸ் பதிவோடு ஒப்பிட்டு, பிழை இருந்தால் உடனே வழக்கறிஞரிடம் சொல்லச் சொல்கிறேன். ஓசூர்ப் பகுதியில் கன்னட வழி, தெலுங்கு வழிப் பள்ளிகளும் உள்ளன. அங்குள்ள ஆசிரியர் ஒருவர் அறிக்கையைப் படித்துச் சொன்னால் குடும்பத்துக்கு விவரம் புரியும். தீர்ப்பாயத்துக்கான முறையான மொழிபெயர்ப்பை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

பிறகு இலவச சட்ட உதவி. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோர் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞரைக் கேட்கலாம். மற்றவர்களுக்கு அரசு நிர்ணயித்த வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், வட்ட நீதிமன்றத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவும் இயங்குகின்றன. 15100 என்ற கட்டணமில்லா எண்ணை மாணவர்கள் தங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்கிறார்கள்.

இதே வேளையில் தரகர்களைப் பற்றியும் எச்சரிக்கிறேன். மருத்துவமனை வாசலிலேயே வந்து, "எல்லாம் நாங்க பாத்துக்கறோம், வர்றதுல பங்கு குடுத்தா போதும்" என்று வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குபவர்கள் உண்டு. கிடைக்கும் இழப்பீட்டில் பங்கு கேட்பதையும், வழக்குத் தேடி ஆள் பிடிப்பதையும் இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் தடை செய்கின்றன. வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம், அசல் ஆவணங்களை நகல் எடுக்காமல் தர வேண்டாம் என்ற இரண்டையும் சுவரொட்டியாக எழுதி ஒட்டினோம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொண்டால் நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், வழக்கும் விரைவில் முடியும். ஆனால் அந்தத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. குழந்தைக்கு இன்னும் அறுவைச் சிகிச்சை பாக்கி இருக்கும்போது அவசரப்பட்டுக் கையெழுத்திடக் கூடாது என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்வது நல்லது. பெற்றோர் ஈ.எஸ்.ஐ. உறுப்பினராக இருந்து வேலைக்குப் போகும்போது அடிபட்டிருந்தால், அதை வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும்.

குழந்தைக்கு எதற்கு இழப்பீடு, அது சம்பாதிக்கவில்லையே என்று ஒரு பெற்றோர் கேட்டார். 2020ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஹரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுமியின் வழக்கில் இதற்கு விடை தந்திருக்கிறது. 12 வயதில் விபத்தில் சிக்கி முழு ஊனமடைந்த அச்சிறுமிக்கு, எதிர்கால வருமானம், வாழ்நாள் முழுதும் தேவைப்படும் உதவியாளர் செலவு ஆகியவற்றையும் கணக்கிட்டு இழப்பீட்டை ரூ.62 லட்சத்துக்கு மேல் உயர்த்தியது. குழந்தைக்குக் கிடைக்கும் தொகையை அவர் 18 வயதை எட்டும்வரை வங்கியில் வைப்பாக வைக்கத் தீர்ப்பாயம் வழக்கமாக ஆணையிடும் என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

மதிப்பீடும் விளைவும்

மதிப்பீட்டுக்கு மனப்பாடக் கேள்விகளை நான் கேட்பதில்லை. "தளியைச் சேர்ந்த பெண் ஆனேக்கல்லில் பேருந்து மோதிக் கை முறிந்து, நான்கு மாதம் கழித்து உன்னிடம் வருகிறார். ஐந்து வரியில் வழி சொல்" என்பது போன்ற ஒரு சூழலைத் தருகிறேன். காலக்கெடு, இடம், ஆவணம், சட்ட உதவி ஆகிய நான்கும் விடையில் இருந்தால் கற்றல் விளைவு எட்டப்பட்டது என்று கொள்கிறேன்.

முன்பு சொன்ன மாணவியின் குடும்பம் வட்ட சட்டப் பணிகள் குழுவை நாடியது. தாமதமாகப் பதிவானாலும் முதல் தகவல் அறிக்கை கிடைத்தது. தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக உண்மையான விபத்துக் கோரிக்கையைத் தள்ளக் கூடாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பது அவர்களுக்குத் துணை நின்றது. ஐந்தாம் மாத முடிவில் ஓசூரிலேயே மனு தாக்கலானது. வழக்கு இன்னும் நடக்கிறது. தொகை எவ்வளவு என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. ஆனால் வழக்கு நாளில் அந்தத் தாய்க்கு அரை நாள் கூலிதான் போகிறது.

கூடலூர், கம்பம், செங்கோட்டை, கும்மிடிப்பூண்டி, திருத்தணி, வாணியம்பாடி என்று அண்டை மாநில எல்லையை ஒட்டிப் பணியாற்றும் ஆசிரியர்கள் தமிழ்நாடெங்கும் இருக்கிறார்கள். வரைபடத்தில் ஊர்ப் பெயர்களை மட்டும் மாற்றினால் இப்பாடம் அங்கும் பொருந்தும். அருகிலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குத் தலைமையாசிரியர் வழியாக ஒரு கடிதம் எழுதினால், பள்ளியில் சட்ட விழிப்புணர்வு முகாம் நடத்தித் தருவார்கள். அன்று மாணவர்களோடு பெற்றோரையும் வரச் சொல்லுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் வர ஏதுவாக, முடிந்தால் சனிக்கிழமை மாலையில் வையுங்கள்.